அறுபத்தோராவது காது

இன்னும் ஒரு காது பாக்கி.

அவன் வண்டியை வாசல் கேட் ஓரமாக நிறுத்தினான். மணி நாலாகப் பத்து நிமிடம். நாலரைக்குப் பால் சங்கத்தில் வரிசை கட்டிவிடுவார்கள்.

காலையில் அவன் செய்தது ஒரே ஒரு அழுத்தல்.

சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவது அவன்தான். போன வாரம் ஊர் மாடுகள் அறுபத்தொன்றுக்கும் கோமாரி ஊசி போட்டார்கள். அதை மொத்தமாகப் பதிய வேண்டும். பட்டியலில் 'ஊசி போடப்பட்டது' என்பதற்கு அடுத்த வரி 'விற்கப்பட்டது'. அங்கே போய் விழுந்தது விரல்.

நிச்சயமா என்று திரை கேட்கத்தான் கேட்டது. இவன் என்றைக்கு அதைப் படித்தான்? டீ வந்த நேரம். ஆம் என்று அழுத்திவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டான்.

ஒரே நொடியில் ஊரில் மாடே இல்லை.

மாடு இல்லாதவர் பாலைச் சங்கத்து மெஷின் வாங்காது. சாயங்காலப் பால் அத்தனையும் சாக்கடைக்குத்தான். விற்ற மாட்டை மொத்தமாகத் திரும்பக் கொண்டுவரவும் வழி கிடையாது. ஒவ்வொரு மாடாகப் போய், காதில் தொங்கும் மஞ்சள் வில்லையை எண் தெரியப் படம் பிடித்து ஏற்ற வேண்டும்.

கெடுத்தவன் நான், சரி பண்ணுகிறவனும் நான் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். மத்தியானச் சோறு பைக்குள்ளேயே இருக்கிறது.

காதைக் காட்டு என்றால் மாடு காட்டிக்கொண்டா நிற்கும்? ஒன்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. ஒன்று போனை நக்கியது. ஒரு கிடாரி தொடையில் விட்ட உதை இன்னும் விண்விண் என்று தெறிக்கிறது.

மனிதர்கள் மட்டும் சும்மா விட்டார்களா?

"என்னையக் கேக்காம என்ற மாட்ட வித்துப்போட்டீங்களே தம்பி, யாருக்குங் புடிச்சுக் குடுத்தீங்க?" என்று சிரித்தார் ஒருவர். இன்னொருவர் பேசியதை எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த காதைப் பிடித்தான்.

அறுபது ஆயிற்று.

இது துளசிமணி அக்கா வீடு. இருபத்திரண்டு வருடமாகப் பால் வரிசையில் முதல் ஆள். சங்கத்துக் கதவு திறக்கும் முன்பே அக்காவின் பால் போசி படியில் உட்கார்ந்திருக்கும். நாலு நாளாக அதைக் காணவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தான்.

"வாங் தம்பி. வெய்யில்ல அலையறீங்களாமா. உக்காருங்."

அவன் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தான்.

அக்கா திட்டவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தாள்.

ஒரு வாய் குடித்தான்.

வரக்காப்பி. பொட்டுப் பால் இல்லை.

இந்த வீட்டில் அவன் வரக்காப்பி குடித்ததே இல்லை.

டம்ளரை இறக்காமல் அப்படியே கட்டுத்தறிப் பக்கம் பார்த்தான். பெருக்கி விட்டிருந்தது. சாணி இல்லை. சுவர் ஆணியில் கயிறு மட்டும் சுருட்டித் தொங்கியது.

மாட்டை விற்றாலும் இந்தப் பக்கத்தில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால்தான் அடுத்த மாடு வந்து சேரும் என்பார்கள்.

"வெசாளக்கெழம குடுத்துப்போட்டேனுங் தம்பி. யாருகிட்டவும் சொல்லுல. சொல்ல வாயி வருல" என்றாள். "இது ஒண்ணு மட்டும் நீங்க செரியாத்தான் போட்டிருக்கறீங்க. அப்படியே உட்ருங்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. காலையிலிருந்து ஊர்ப் பேச்சையெல்லாம் உதறிவிட்டு வந்தவன், மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். திட்டியிருக்கலாமே அக்கா. இதற்கு அது எவ்வளவோ தேவலை.

போனை எடுத்தான்.

அப்படியே விட முடியாது. விற்ற தேதி இன்றைக்கு என்று விழுந்திருக்கிறது. அதுவும் பிழைதான். வியாழக்கிழமை என்று திருத்தினான். காரணம் என்ற கட்டத்தைத் தொடாமல் தாண்டினான். சேமி என்பதை அழுத்தினான்.

திரை ஏதோ கேட்டது.

இந்தத் தடவை வாய்விட்டே படித்தான்.

'உறுப்பினருக்கு மாடு இல்லை. சங்கத்திலிருந்து நீக்கலாமா?'

அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

"அப்ப நான் இனிமே சங்கத்துப் பக்கம் வர வேண்டியதில்லீங்களா தம்பி?"

அவன் அந்த வரியை இன்னொரு தடவை படித்தான். இடப்பக்கம் ஆம். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அங்கேதான் போய் நின்றது.

அதை இழுத்து வலப்பக்கம் கொண்டுவந்து, இல்லை என்று அழுத்தினான்.

"கயிறு இருக்குதில்லீங்க்கா" என்றான்.

அக்கா ஆணியைத் திரும்பிப் பார்த்தாள்.

நீக்க வேண்டாம் என்பது நிச்சயமா என்று திரை மறுபடி கேட்டது.

ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, ஆம் என்று அழுத்தினான்.