யுகாரியின் காலடியில் ஒரு பல்லி

நவநீதன் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. நாள் முழுக்க அவனுக்காகக் கொசு பிடித்தது. கிடைத்ததென்னவோ துடைப்ப அடிதான்.

ஒருநாள் ஜப்பானிலிருந்து யுகாரி வந்து இறங்கினாள். ஊதா முடியும் ஓங்கிய வாளுமாக, மூன்றடி உயர அனிமே பொம்மை. அவளுக்குத் தனி மேசை, தனி விளக்கு. தினமும் காலையில் நவநீதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால் அவள் மூக்கில்கூடத் தூசி தட்டினான்.

பல்லிக்கு வயிறு எரிந்தது. "ஏம்மா, இங்கே உனக்கு என்ன வேலை?"

"அசையாம நிக்கணும்."

"அவ்வளவுதானா!"

பல்லி விறுவிறுவென்று இறங்கி, அவள் பூட்ஸுக்குப் பக்கத்தில் வாலைச் சுருட்டி, வாயைப் பிளந்து நின்றது.

மறுநாள் நவநீதன் துள்ளினான். "அட, கூடவே குட்டி டிராகனும் அனுப்பியிருக்காங்களே! இத்தனை நாளா கண்ணுல படலையே!" அதற்கும் பிரஷ் போட்டான். பல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மூன்றாம் நாள் பசி காதை அடைத்தது. நவநீதன் பிரஷோடு வரும் நேரம் பார்த்து, குண்டுக் கொசு ஒன்று நேராகப் பல்லியின் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"வாயை மூடினா துடைப்பம்தான்," என்று முணுமுணுத்தாள் யுகாரி.

பல்லி மூடவில்லை.

கொசு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே திரும்பிக் கத்தியது: "பசங்களா, ஓடி வாங்க! வீடு காலியாத்தான் இருக்கு!"