வெறும் பெட்டி

கைவேலை செய்கிறவர்களின் அந்த வாட்ஸ்அப் குழுவில் பணப் பேச்சே கிடையாது. பொருளுக்குப் பொருள், தையலுக்குத் தையல். முதலில் ஜெசிந்தாதான் ஓர் அட்டைப்பெட்டியில் நூல் பொம்மை அனுப்பினாள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தராத தவமணிக்குப் பெட்டியை மட்டும் எப்படிச் சும்மா அனுப்ப மனம் வரும்? ஒட்டுத்துணியில் தலையணை உறை தைத்து வைத்தாள். பெட்டி மறுபடியும் நிறைந்து வந்தது. முகம் பார்த்திராத இருவருக்கும் நடுவே அது ஓயாமல் போய்வந்தது. தவமணியின் கட்டிலில் படுக்க இடமில்லாமல் பொம்மைகள். ‘போதும்’ என்று எழுதுவாள், அனுப்பாமல் அழித்துவிடுவாள்.

இந்த முறை வந்தது ஓர் ஒட்டுப்போர்வை. “பாதி தச்சுட்டேங்க்கா. மிச்சத்த நீங்க முடிச்சு அனுப்புங்க,” என்றது ஜெசிந்தாவின் குரல்பதிவு.

தவமணி அதை மடியில் பரப்பிக் கடைசி வரிசையைத் தைத்து முடிக்கவும் வாசலில் மணி அடித்தது.

“யக்கா, கூரியர். பார்சல் ரெடியா?”

எழுந்தாள். போர்வையும் கூடவே எழுந்தது. உடுத்தியிருந்த சேலையையும் சேர்த்தே தைத்திருக்கிறாள்! பிரித்துத் தைக்க இனி ஏது நேரம்?

“யக்கா, வண்டி நிக்குது!”

கத்தரியை எடுத்துத் தையலைச் சுற்றித் தன் சேலையை வெட்டினாள். துண்டு வெளியே தெரிகிறதா என்று போர்வையைப் புரட்டினாள். ஜெசிந்தா தைத்த பாதியின் அடியில், அதேபோல் அவசரமாக வெட்டப்பட்ட ஒரு நீலச் சேலைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.