பத்தாவது ஆள்

சாந்தன்பாறை ஏலச்செடிகளில் மழை இன்னும் சொட்டுகிறது. கொரோனா பூஸ்டர் ஊசிக்காக வேலையை விட்டு வந்து, என்னையும் சேர்த்து ஒன்பது பெண்கள் நிற்கிறோம். சந்தேகத்தில் மறுபடி எண்ணுகிறேன், ஒன்பதுதான். பத்துப் பேர் இல்லாமல் மருந்துக் குப்பியைத் திறக்க முடியாது, மிச்சம் வீணாகிவிடும் என்று நர்ஸ் நிமி ஐஸ் பெட்டியை மூடுகிறாள். "காய் பழுத்து உதிருது, போங்கட்டி!" என்று கத்திவிட்டு சூப்பர்வைசர் சிலுவைராஜ் விசில் ஊதுகிறார். யாரும் நகரவில்லை. எங்களில் ஒருத்தியான கத்தரீனாள் அக்கா சேற்றில் ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போடுகிறாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு மூணாவது ஊசி ஆச்சா?" "இல்ல..." "அப்ப உக்காருங்க. எங்களுக்கு ஊசி போடாம ஒரு காயும் பறிக்க மாட்டோம்." ஒன்பது முகங்களையும் பார்த்துவிட்டு அவர் மெல்லச் சட்டைக் கையை மடக்குகிறார். விசில் மார்பில் சும்மா தொங்குகிறது. நிமி பெட்டியைத் திறக்கிறாள். இந்த முறை நான் மறுபடி எண்ணவில்லை.