மெத்தையின் குழிகள்

நீலவேணி குளித்துவிட்டு வந்ததும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, தொடையில் விழுந்திருந்த குழிகளுக்குக் கிரீம் தேய்ப்பாள். "எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குதே!" என்று புலம்புவாள். தினமும் இதைக் கேட்டுக் கேட்டு, அந்த இலவம்பஞ்சு மெத்தைக்கும் தன் குழிகள் உறுத்த ஆரம்பித்தன.

"எல்லாம் உன்னாலதான்!" என்று அது பஞ்சின் மேல் எரிந்து விழுந்தது.

"நான் மேலே தள்ளுறேன், உன்னைத் தைச்ச நூல் கீழே இழுக்குது. குழி விழாம என்ன செய்யும்? அவ தொடையிலயும் இதே கதைதான். தோலுக்கு அடியில கொழுப்பு தள்ளுது, நார் இழுக்குது. மேல தேய்ச்சா நாருக்குத் தெரியவா போகுது?" என்றது பஞ்சு.

மெத்தை நூலிடம் திரும்பியது. "அப்ப நீ விட்டுடு."

"விட்டா நீ மெத்தையாவே இருக்க மாட்டே."

"விடுன்னா விடு!"

பல நாள் நச்சரிப்பில் அலுத்துப்போன நூல், "எப்படியோ போ" என்று முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துக்கொண்டது. குழிகள் மறைந்தன. மெத்தை பூரித்துப் போனது.

மதியம் நீலவேணி வந்து படுத்தாள். பஞ்சு இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சியது. கட்டில் பலகை அவள் முதுகில் இடித்தது.

"ஐயோ! இதைத் தூக்கித்தான் போடணும் போலிருக்கு" என்று எழுந்தவள், மனசு கேட்காமல் கோணி ஊசியை எடுத்து வந்தாள். பஞ்சைப் பரப்பிவிட்டு, இடம்விட்டு இடம் குத்தி, அவிழ்ந்து கிடந்த அதே நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். இழுத்த இடமெல்லாம் குழி விழுந்தது.

"போதுமா?" என்றது நூல், இன்னும் கடுப்பு தீராமல்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடி" என்றது மெத்தை.