கடைசி நாற்காலி சொன்ன எண்

1961 கோடை. பாரிஸிலிருந்து விடுப்பில் முதலியார்பேட்டைக்கு வந்த அந்துவானுக்கு, லிஸ்ப் என்ற கணினி மொழியில் தான் எழுதிய நிரலின் நினைப்புதான். எதை எண்ணினாலும் அது ஒன்று கூடுதலாகச் சொன்னது. பிழையைக் கண்டுபிடிக்காமல் திரும்பினால் வேலை இல்லை.

நிரலை நடத்திப் பார்க்க வீட்டாரை வரிசையாக உட்காரவைத்தான்: மனைவி, அம்மா, தங்கை கிளோதின். மூன்று முந்திரியில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவரிடம் தரவேண்டும். அவர் சொல்லும் எண்ணோடு ஒன்று கூட்டித் திருப்பிச் சொல்லவேண்டும். கடைசியில், போன மாதம் இறந்த அப்பாவின் நாற்காலி. ஆளில்லாததால் அது சொல்வது பூஜ்யம்.

மூன்று முந்திரியும் தீர்ந்தன. "ரெண்டு" என்றாள் கிளோதின்.

"பூஜ்யத்தோட ஒண்ணு கூட்டினா ரெண்டா? கான்வென்ட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அப்பா ஒண்ணுன்னாருண்ணே."

அம்மா நிமிரவில்லை. "வெறுங்கையோட உக்கார வெச்சிருக்கியே. அவருக்கும் ஒண்ணு குடுப்பா."

நாலாவது முந்திரியை அந்த நாற்காலியில் வைத்தான். மறுபடி எண்ணினார்கள். நாலு என்று சரியாக வந்தது. பாரிஸுக்கு என்ன எழுதுவதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.