தேரடியில் கொலுசைத் தொலைத்தவள்

“பிளேட் போடுறவன் நெகடிவைத் திருப்பிப் போட்டு எல்லாத்தையும் இடம் வலமா மாத்தித் தொலைச்சிட்டான்!” என்று புரூப் தாள்களை மேசைமீது வீசினார் அச்சக முதலாளி தைரியராஜ்.

படக்கதையின் கதாநாயகி இடது கையால் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டத்தில் இடது கையால் கோலம் போட்டாள். அது போதாதென்று, வாசலுக்கு வந்த கிழவிக்கு இடது கையாலேயே அரிசி அள்ளிப் போட்டாள்.

இதைப் பார்த்த பிறகு எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பாள்?

எண்பத்திரண்டாம் வருடக் கோடை அது. லீவு முடிவதற்குள் புத்தகம் கடைக்குப் போயாக வேண்டும். பாலக்கரையில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்து நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்த மனுஷர் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதே மகள் ஜெசிந்தாவுக்காகத்தான். இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குப் பென்சிலைக் கண்டாலே கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். புத்தகம் என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். படமாகப் போட்டுக் கதை சொன்னாலாவது படிப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பாள் என்று நம்பினார்.

உலகமே அறிந்த கதைதான். சித்தியிடம் அல்லல்படும் பெண், அவள் தவறவிடும் ஒற்றைச் செருப்பு, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையும் இளவரசன். தைரியராஜ் அதை அப்படியே திருச்சிக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார். அரண்மனை மலைக்கோட்டைக்கு ஏறியது. நடன விருந்து ஸ்ரீரங்கத்துத் தேராக மாறியது. தேர் பார்க்க வருகிறவளுக்குக் காலில் செருப்பு ஏது? அதனால் அது கொலுசாயிற்று. பூசணிக்காய் மட்டும் பூசணிக்காயாகவே இருந்தது.

படம் போட்ட வள்ளிக்கண்ணு, வையம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற பெண். வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். கண்ணில் பட்டதை மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் வரைந்துவிடுவாள்.

அவள் புரூப் தாளை நிதானமாக நேராக்கி, படத்துப் பெண்ணின் தோள்மீது விரலை வைத்தாள்.

“தாவணி இடது தோள்லதான சார் இருக்கு? படம் திரும்பியிருந்தா அதுவும் வலது பக்கம் போயிருக்கணுமே.”

தைரியராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாவணி சரியாகத்தான் இருந்தது. சித்தி வலது கையைத்தான் ஓங்கியிருந்தாள். இளவரசனும் கொலுசை வலது கையில்தான் பிடித்திருந்தான். அந்த ஒருத்திக்கு மட்டும்தான் இடக்கை.

“அப்போ வேணும்னே வரைஞ்சியாம்மா?”

“நீங்க செஞ்சு காட்டினதைத்தான் சார் வரைஞ்சேன்.”

அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கூத்து அது. பார்த்து வரைவதற்கு ஆள் கிடையாது என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தைரியராஜே எல்லா வேஷமும் கட்டுவார். சித்தியாக இடுப்பில் கைவைத்துக் கத்துவார். இளவரசனாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். அப்போதெல்லாம், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அந்தப் பெண்ணாக ஆகும்போது மட்டும் அப்படி இல்லை. துண்டைத் தாவணியாகப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இல்லாத அடுப்பை ஊதுவார், இல்லாத கஞ்சியைத் துழாவுவார்.

எந்தக் கையால் துழாவினோம் என்று இப்போது யோசித்துப் பார்த்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேசைமீதிருந்த தாளை எடுக்க இடது கைதான் முதலில் நீண்டிருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் வீட்டில் செய்துவிட்டு வந்த காரியத்தை நினைத்தபோது அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

“அழிச்சு மாத்திடவா சார்?” என்றாள் வள்ளிக்கண்ணு. ராத்திரி பகலாக உட்கார்ந்தால் லீவுக்குள் முடித்துவிடலாம்தான்.

“வேணாம். அப்படியே போகட்டும்” என்றவர், புரூப் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மத்தியான வெயிலில் முதலாளி எங்கே பறக்கிறார் என்று அச்சகமே எட்டிப் பார்த்தது.

மேலப்புதூர் வீட்டில் ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் பென்சிலைப் பிடித்து ‘அ’ எழுத முயன்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. இடது கை, காலையில் தைரியராஜ் கட்டிவிட்டுப் போன ரிப்பனோடு நாற்காலிக் கைப்பிடியில் கிடந்தது.

அப்பாவைக் கண்டதும் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் அவள் மடியில் படங்களைப் பரப்பினார். பிறகு தரையில் உட்கார்ந்து ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கிப் போட்ட முடிச்சு. சின்ன வயதில் பிரம்படியில் ஒடுங்கிப்போன அவருடைய இடது கைதான் அதை அவிழ்த்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் அவிழ்த்தது.

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி ரோசம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடப்பாவி மனுசா! எங்க அம்மா வழியில வந்த நொட்டாங்கைன்னு இத்தனை நாளா என்னையில்ல திட்டிக்கிட்டு இருந்தீங்க!”

தைரியராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜெசிந்தாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கோலம் போடுகிற பெண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலைக் கை மாற்றிக்கொண்டு, அந்தக் கோலத்தின் பக்கத்தில் இன்னொரு கோலம் போட ஆரம்பித்தாள்.