கப்பலில் வந்த கார்

"பெத்தவ படுக்கற கட்டிலை விட்டுட்டு, விளையாட்டுச் சாமானைக் கப்பல்ல ஏத்தியிருக்கான் பாருங்க என் பிள்ளை."

மாமியார் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர், ஓட்டலில் சாவி கொடுத்த பெண், எல்லாரிடமும் சொல்லியாச்சு. தமிழ் தெரியாதவர்களிடமும் தமிழிலேயேதான்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மருமகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, குடும்பமே மூட்டை கட்டியது. சாமான் அனுப்ப ஒரே ஒரு கன்டெய்னர்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. கட்டில், பீரோ, சோபா எல்லாம் ஊரிலேயே தங்கிவிட்டன. உள்ளே ஜம்மென்று ஏறி உட்கார்ந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதிலும் இருப்பது இரண்டே சீட்டு.

மகன் எத்தனை திட்டினாலும் எதிர்த்துப் பேச மாட்டான். "ஆசைம்மா" என்று இளிப்பான். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வான்.

ஒவ்வொரு திட்டும் மருமகளுக்குத்தான் சுருக்கென்று குத்தும். ஏனென்றால், கார் அவளுடையது.

சொந்தச் சம்பளத்தில் ஆசை ஆசையாய் வாங்கியது. மருமகள் இப்படிப் பறக்கிறாளே என்று அம்மா ஏதாவது சொல்லிவிட்டால் நீ தாங்க மாட்டாய், என் கார் என்றே இருக்கட்டும் என்று புருஷன்காரன் தலையைக் கொடுத்தான். தினமும் காலையில் வாசலிலிருந்து தெருமுனை வரை அவன் ஓட்டுவான். அங்கே இறங்கி இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். படித்த கழுதைகள் ரெண்டும் வருஷக்கணக்கில் இந்தக் கூத்தை நடத்தின.

காரை எடுக்க மூவரும் போன துறைமுகக் கிடங்கில் வந்து சேர்ந்தது வம்பு.

சுங்க அதிகாரி கறாரான ஆள். வேலைக்காக ஊர் மாறி வருகிறவர்கள் தங்கள் காரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அது அவர்களே ஓட்டிப் பழகிய காராக இருக்கணும். யார் பேரில் இருக்கிறதோ அவர் முற்றத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டட்டும், இல்லாவிட்டால் கார் வந்த கப்பலிலேயே திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டார்.

மகன் அவசரமாய்க் கையை நீட்டினான். அதிகாரி அவனைத் தாண்டிப் போய் மருமகளிடம் சாவியைக் கொடுத்தார்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்திலேயே பெஞ்சில் மாமியார். புது ஊரில், ஒரே வீட்டில், இனி தினமும் அந்த முகத்தில் முழிக்கணும். கார் போனால் போகிறது, ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன் என்று புருஷன் காதில் முணுமுணுத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"ஏம்மா மசமசன்னு நிக்கறே? ஏறி ஓட்டு."

மாமியார்தான். அதிகாரி பேசிய பாஷை அவளுக்குப் புரியவில்லை. சாவி யார் கைக்குப் போனது என்று புரிந்தது.

"அத்தை, அது வந்து... அவரோட கார்..."

"அவனோடதா? ராட்டினத்துல ஏத்தினாலே வாந்தி எடுக்கற பய. தெருமுனை வரைக்கும் நத்தையாட்டம் ஊர்ந்துட்டு, அதுக்கப்புறம் சீறிக்கிட்டுப் போகும் அந்தக் கார். தினம் மாடியில துணி காயப்போடறவளுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

மகன் தலையைச் சொறிந்தான். மருமகள் தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் தடுமாற்றமே இல்லை. கார் உறுமிக்கொண்டு கிளம்பி, முற்றத்தைச் சுற்றி, கோடு போட்ட மாதிரி வந்து நின்றது. அதிகாரி கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமாய் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"எல்லாம் தெரிஞ்சுமா அத்தை, அவரைப் போட்டு அந்தத் திட்டு திட்டினீங்க?"

"கட்டில் போச்சேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. யாரையாவது திட்டினாத்தானே ஆறும்?" மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவன் நான் பெத்தது. என்ன திட்டினாலும் சாப்பிட உக்காரும்போது மறந்துடுவான். உன்னை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ ஆயுசுக்கும் மறந்திருப்பியா?"